ஹோம் தியேட்டர் இணைப்பு: படம் எந்த இடத்தில் கெடுகிறது?

கேட்டது இது: “புதிதாக 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு ஏவி ரிசீவரும் 5.1 ஸ்பீக்கர்களும் உண்டு. அதோடு டிடிஎச் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், மகனுடைய பிளேஸ்டேஷன் 5, தூக்கிப்போட மனசு வராத ஒரு பழைய டிவிடி பிளேயர். கடையில் பார்த்த படம் வீட்டில் வரவில்லை, மங்கலாக இருக்கிறது. நடுநடுவே திரை ஒரு விநாடி கறுத்துப்போய் மீள்கிறது. 6,000 ரூபாய்க்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எதை எதில் செருகுவது?”

வாங்காதீர்கள். கேபிளை மாற்ற வேண்டி வரலாம், ஆனால் அதற்கு 6,000 ரூபாய் ஆகாது. அதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் நாலைந்து இருக்கின்றன. ரிமோட்டும் ஒரு டார்ச் லைட்டும் போதும்.

உங்கள் கேள்வியில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. படம் மங்கலாக இருப்பது ஒன்று, திரை கறுத்து மீள்வது இன்னொன்று. இரண்டையும் முதலில் பிரித்துவிடுவோம். எச்டிஎம்ஐ ஒயரில் போவது வெறும் எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் 300 ரூபாய் கேபிளிலும் அதே படம்தான், 6,000 ரூபாய் கேபிளிலும் அதே படம்தான். சரியாகப் போய்ச் சேராவிட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும், கோடு வெட்டும், திரை கறுக்கும், இல்லையென்றால் ‘நோ சிக்னல்’ என்று வரும். நிறம் வெளிறுவதும், முகத்தில் தெளிவு குறைவதும், கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் எச்டிஎம்ஐ கேபிளின் வேலை அல்ல. அந்தக் காலத்து மஞ்சள் ஒயரில் அப்படி நடந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் கேபிளைக் குறை சொல்கிறோம். ஆகவே கறுத்துப்போவதற்குக் கேபிள் காரணமாக இருக்கலாம். மங்கலுக்கு இல்லை.

மஞ்சள் ஒயர் என்றதும் என் மாமா வீடு நினைவுக்கு வருகிறது. எச்டி பேக்கேஜுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, இரண்டு வருடம் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் டிவி பார்த்தார். பாக்ஸ் மாட்ட வந்த பையன் பெட்டிக்குள் இருந்த ஒயரை எடுத்துச் செருகிவிட்டுப் போய்விட்டான். படம் வந்தது, யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தை மட்டும் “ஓடுற எழுத்து படிக்கவே முடியல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார், கண்ணாடியும் மாற்றியாயிற்று. அப்புறம் ஒரு பொங்கலுக்கு நான் போயிருந்தபோது டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன்.

அந்த மஞ்சள் ஒயர் தரக்கூடிய படம், நம் ஊரில் இருந்த பால் (PAL) என்ற பழைய டிவி முறையில் 720க்கு 576 புள்ளி, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். முழு எச்டி படத்தில் கிட்டத்தட்ட 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். உங்கள் 4கே திரையில் 83 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. போதாததற்கு, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் மறுபடி பிரிக்கிறார்கள். கட்டம் போட்ட சட்டையில் வானவில் நெளிவது அதனால்தான். அந்தப் பையன் செய்ததில் தப்பான இணைப்பு என்று எதுவும் இல்லை, அதுதான் இதில் சிக்கலே. ஹோம் தியேட்டரில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான், படம் வந்துவிடும்.

எனவே முதல் வேலை, டிடிஎச் பாக்ஸிலிருந்து எந்த ஒயர் வெளியே வருகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ என்றால் சரி. அடுத்து பாக்ஸின் மெனுவில் ‘வீடியோ அவுட்புட்’ அல்லது ‘ரெசல்யூஷன்’ என்று ஒன்று இருக்கும். எச்டிஎம்ஐ ஒயர் போட்டிருந்தும் அங்கே 576 என்றே கிடக்கும் பாக்ஸ்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். 1080க்கு, அதாவது முழு எச்டிக்கு மாற்றுங்கள். 4:3 என்று இருந்தால் 16:9 ஆக்குங்கள், அந்தக் குண்டு முகங்கள் எல்லாம் இளைத்துவிடும்.

இப்போது ரிசீவருக்கு, அதாவது எல்லாக் கருவியின் படத்தையும் ஒலியையும் வாங்கி, படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டிக்கு வருவோம். உங்கள் சங்கதியில் என் சந்தேகம் அதன் மேல்தான்.

எச்டிஎம்ஐயில் படம் போகும் முன்னால் ஒரு விசாரணை நடக்கும். “உன்னால் எவ்வளவு முடியும்?” என்று பிளேயர் கேட்கும், டிவி தன் ஜாதகத்தைக் காட்டும். 4கே முடியுமா, விநாடிக்கு எத்தனை ஃபிரேம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் முறை) தெரியுமா, ஒலி எத்தனை சேனல். அதற்குத் தக்கபடிதான் பிளேயர் படத்தை அனுப்பும். நடுவில் ரிசீவர் உட்கார்ந்திருந்தால் அதன் வழியாகத்தான் இந்தப் பேச்சு நடக்கும். ரிசீவருக்குத் தெரியாத எதையும் பிளேயர் அனுப்பாது. அதோடு எச்டிசிபி என்று ஒரு பூட்டு இருக்கிறது. திருட்டுப் பதிவைத் தடுக்க வைத்தது. முழு எச்டி வரை அதன் பழைய பதிப்பு போதும். 4கே சினிமாவுக்கும் ஓடிடி தளங்களின் 4கே படத்துக்கும் எச்டிசிபி 2.2 வேண்டும், அதுவும் வரிசையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும். நடுவில் ஒன்றுக்கு இல்லையென்றால் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒரு வார்த்தை சொல்லாமல் 1080க்கு இறங்கிவிடும். நீங்களோ 4கே டிவியில் 4கே சந்தாவில் 4கே பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

2014 வாக்கில் முகப்பில் ‘4கே’ என்று எழுதி விற்ற ரிசீவர்கள் சிலவற்றில்கூட இந்த 2.2 கிடையாது. ஆகவே எழுத்தை நம்பாமல் மாடல் எண்ணை வைத்து மேனுவலைத் தேடி, எச்டிஎம்ஐ 2.0, எச்டிசிபி 2.2, எச்டிஆர் பாஸ்-த்ரூ (எச்டிஆர் படத்தை அப்படியே டிவிக்குக் கடத்தும் வசதி) இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில ரிசீவர்களில் எல்லாத் துளைக்கும் அந்த வசதி இருக்காது, முதல் மூன்றுக்கு மட்டும் இருக்கும். அதையும் மேனுவல்தான் சொல்லும்.

மூன்றும் இருந்தால் ஸ்டிக்கையும் டிடிஎச் பாக்ஸையும் ரிசீவரின் உள்வாங்கும் துளைகளில் செருகி, ரிசீவரின் ‘அவுட்’ துளையிலிருந்து டிவிக்கு ஒரே ஒரு கேபிள் போட்டுவிடுங்கள். டிவி பக்கம் அது எந்தத் துளையில் போகிறது என்பது முக்கியம். நாலில் ஒன்றில் மட்டும் ‘ஏஆர்சி’ அல்லது ‘ஈ-ஏஆர்சி’ என்று அச்சிட்டிருக்கும். அதில்தான் போட வேண்டும். ரிசீவரிலும் அதே எழுத்து உள்ள ‘அவுட்’ துளை. படம் ரிசீவரிலிருந்து டிவிக்குப் போவதும், டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வருவதும் அந்த ஒரே கேபிளில் நடக்கும். ஒலி திரும்பி வரவில்லையென்றால் இரண்டு பக்கமும் சிஇசியை, அதாவது எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கிக்கொள்ளும் வசதியை, ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்து நம் உயிரை வாங்குகிறார்கள்.

மூன்றும் இல்லையென்றால் ரிசீவரை மாற்றச் சொல்ல மாட்டேன். அதன் ஆம்ப் நன்றாகத்தானே இருக்கிறது. படத்தை அதன் வழியாக விடாதீர்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நேராக டிவியில் செருகுங்கள், ஏஆர்சி வழியாக ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்புங்கள். ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4இல் வந்தது, பழைய ரிசீவரிலும் பெரும்பாலும் இருக்கும். ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலிக்கு அது போதும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ்கூட அதற்குள்ளேயே வந்துவிடும். புளூரே வட்டின் டால்பி ட்ரூஎச்டி போன்ற கனமான ஒலிக்குத்தான் ஈ-ஏஆர்சி வேண்டும். உங்களிடம் புளூரே பிளேயர் இல்லை, விடுங்கள். ஏஆர்சியும் இல்லாத ரிசீவர் என்றால் ஆப்டிகல் ஒயர் போடலாம். அதில் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும், உங்கள் ஸ்பீக்கர்களுக்கு அதுவும் தாராளம்.

பிளேஸ்டேஷன் 5 மட்டும் எப்படியிருந்தாலும் தனி. 4கேயில் விநாடிக்கு 120 ஃபிரேம் வேண்டுமென்றால் 2017இல் அறிவித்த எச்டிஎம்ஐ 2.1 துளை வேண்டும். நாலு துளை உள்ள டிவியில் பெரும்பாலும் இரண்டுக்குத்தான் அது இருக்கும். சில டிவிகளில் அந்த இரண்டில் ஒன்றே ஈ-ஏஆர்சி துளையாகவும் இருந்து தொலைக்கும். ‘4கே 120’ என்றோ ‘கேம்’ என்றோ எழுதியிருக்கும் துளையைத் தேடிப் பிளேஸ்டேஷனை நேராக அதில் செருகுங்கள். அதன் பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், அது அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள்தான். மகன் அதை எடுத்து டிடிஎச் பாக்ஸில் மாட்டி, பாக்ஸோடு வந்த கேபிளைப் பிளேஸ்டேஷனில் போட்டிருக்கிறானா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

இனி டிவியின் மெனு. மங்கல் புகாருக்குப் பாதி விடை இங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். புது டிவிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளைகள் தொழிற்சாலையிலிருந்து ‘அடக்கமான’ நிலையில் வரும். பழைய பாக்ஸ்களோடு தகராறு வராமல் இருக்க, தன் முழுத் திறமையை அந்த ஜாதகத்தில் காட்டாது. அதைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’. இதை ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ரிசீவரிலும் இதேபோல் ஒன்று இருக்கும், டெனானில் ‘4கே சிக்னல் ஃபார்மட்’ என்று வரும். அதை ‘ஸ்டாண்டர்டு’ நிலையிலிருந்து ‘என்ஹான்ஸ்டு’க்கு மாற்றுங்கள். டிவி திறந்திருந்து ரிசீவர் மூடியிருந்தால் பயனில்லை. மாற்றிய பிறகு எச்டிஆர் படம் ஒன்றை ஓடவிட்டு ரிமோட்டில் ‘இன்ஃபோ’வைத் தட்டிப் பாருங்கள், 2160 (4கேயைத்தான் அப்படிக் காட்டும்) என்றும் எச்டிஆர் என்றும் திரை மூலையில் வர வேண்டும். அந்த எழுத்தைப் பார்க்கும் வரை இணைப்பு முடிந்ததாக நான் எண்ணுவதில்லை.

அங்கேயே இன்னும் இரண்டு வேலை. கடையில் டிவி ‘விவிட்’ நிலையில், டியூப் லைட் கூட்டத்துக்கு நடுவே, 4கேயிலேயே எடுத்த டெமோ படத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். அந்தப் பளபளப்பை வீட்டில் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. வீட்டு ஹாலுக்கு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலை. முதல் இரண்டு நாள் மஞ்சளடித்ததுபோல் தெரியும், மூன்றாம் நாள் கண் பழகிவிடும், பிறகு விவிட் பக்கம் போகவே தோன்றாது. பல டிவிகள் படநிலையைத் துளைக்குத் துளை தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஸ்டிக்குக்கு மாற்றியது டிடிஎச்சுக்கு மாறியிருக்காது. இன்னொன்று, டிவி படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி மீதியை இழுத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அதுதான். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’. அதைப் போட்டால் படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் போய் உட்காரும், தெளிவு உடனே தெரியும்.

கறுப்பு சாம்பலாகவோ, இருட்டுக் காட்சியில் எல்லாமே மைபோல ஒன்றாகவோ தெரிந்தால் அது வேறு சமாச்சாரம். சினிமா, டிவி படங்களில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கம்ப்யூட்டர் கணக்கில் 0, 255. அனுப்புகிற கருவி ஒரு கணக்கிலும் டிவி இன்னொரு கணக்கிலும் இருந்தால் இப்படி ஆகும். பிளேஸ்டேஷனில் ஆர்ஜிபி ரேஞ்சையும், டிவியில் பிளாக் லெவலையும் ‘ஆட்டோ’வில் விடுங்கள், போதும்.

அடுத்தது பலர் கவனிக்காத ஒன்று. எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ வாங்கும்போதே 60இல் நிற்கும். 24ஐ 60க்குள் அடைக்க ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா மெதுவாக ஒரு மலைத்தொடரைச் சுற்றிக் காட்டும்போது படம் தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுதான் காரணம். 50ஐ 60க்குள் அடைத்தால் இன்னும் மோசம். பந்து பவுண்டரிக்கு உருண்டு ஓடும்போது நடுநடுவே நொண்டும். நெட் ஸ்பீடு சரியில்லை என்று அதைத் திட்டுவோம். ஃபயர் டிவி ஸ்டிக்கில் ‘மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்’ என்றும் ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் கன்டென்ட்’ என்றும் ஒரு அமைப்பு உண்டு, ஆன் செய்யுங்கள். ஆப் ஒத்துழைத்தால் படத்துக்கு ஏற்ற கணக்குக்கு ஸ்டிக் தானே மாறிக்கொள்ளும். டிடிஎச் பாக்ஸில் 50, 60 என்று தேர்வு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 50.

இதை ஆன் செய்தால் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒன்றிரண்டு விநாடி கறுக்கும். டிவி கணக்கு மாறுகிறது, அதனால். எச்டிஆருக்குப் போகும்போதும் அப்படித்தான். இங்கேதான் உங்கள் இரண்டாவது புகாரைப் பார்க்க வேண்டும். திரை எப்போது கறுக்கிறது? படம் தொடங்கும்போது மட்டும் என்றால் நோயே இல்லை. படத்தின் நடுவில், நேரங்காலம் இல்லாமல் என்றால் கோளாறு.

கோளாறு என்றால் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டிக்கின் வெளியீட்டை 1080க்கு இறக்கி ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால், 4கேயின் சுமையை வரிசையில் எதுவோ தாங்கவில்லை என்று அர்த்தம். முழு எச்டி 60 ஃபிரேமுக்கு விநாடிக்கு சுமார் 4.5 கிகாபிட் போதும். 4கே 60 ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 18. பழைய டிவியோடு நாலு வருடம் நன்றாக ஓடிய கேபிள் புது டிவியில் தடுமாறுவது இதனால்தான், கேபிள் கெட்டுப்போனதால் இல்லை. அடுத்து ஸ்டிக்கை ரிசீவரிலிருந்து கழற்றி நேராக டிவியில் செருகிப் பாருங்கள். அப்போது 4கேயிலும் சரியாக இருந்தால் குற்றவாளி ரிசீவருக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள கேபிள், அல்லது ரிசீவர். இரண்டு கேபிளை இடம் மாற்றிப் போட்டால் அதுவும் தெரிந்துவிடும். ஸ்டிக்கின் மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர்தான். ஸ்டிக்கோடு வந்த அடாப்டரைச் சுவர் ப்ளக்கில் போடுங்கள்.

சரி, கேபிள்தான் என்று உறுதியானால் எதை வாங்குவது? அட்டையில் ‘2.1 கேபிள்’, ‘8கே’, ‘தங்கமுலாம்’ என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். பதிப்பு எண் கருவிகளுக்கு உரியது, கேபிளுக்கு அப்படி எண் போடவே கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் வழங்குபவர்களின் விதி. கேபிளுக்கு உள்ளது வேக வகைதான். ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றால் 18 கிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்றால் 48 கிகாபிட். இந்த இரண்டு வகைக்கும் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று ஒட்டி இருக்கும். அந்த ஒட்டு இருக்கிற, உங்களுக்குத் தேவையான அளவிலேயே மிகக் குட்டையான கேபிளை வாங்குங்கள். பிளேஸ்டேஷன் தவிர உங்கள் வீட்டில் எதற்கும் 18க்கு மேல் தேவையில்லை. தங்கமுலாம் படத்துக்கு ஒன்றும் செய்யாது. கடலோரத்தில் குடியிருந்தால் பின்கள் களிம்பு பிடிக்காமல் இருக்கும், அவ்வளவே.

நீளம்தான் கேபிளின் உண்மையான எதிரி. செம்புக் கம்பியில் 48 கிகாபிட்டுக்கு 3 மீட்டருக்கு மேல் போனால் ஆபத்து, 18க்கு 5 மீட்டர் வரை நிம்மதியாகப் போகலாம். அதற்கு மேல், குறிப்பாகப் புரொஜெக்டருக்கு, ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள். உள்ளே கண்ணாடி இழை ஓடும், 15 மீட்டரானாலும் கவலை இல்லை. ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’, இன்னொன்றில் ‘டிஸ்பிளே’ என்று எழுதியிருக்கும். நான் என் வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 15 மீட்டரை இழுத்து, பலகைகளை எல்லாம் திருப்பி மூடி, பெயின்ட் டச்-அப்பும் முடித்த பிறகுதான் புரொஜெக்டர் பக்கம் ‘சோர்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்தேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. எந்தக் கேபிளையும் சுவருக்குள் விடும் முன் தரையில் நீட்டிப்போட்டு ஒரு படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கட்டுகிற வீடாக இருந்தால் ஒன்றரை அங்குல பைப் போடச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ தலை கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் அகலம், எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் பைப்பில் முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். உள்ளே ஒரு நைலான் கயிறும் சும்மா கிடக்கட்டும், அடுத்த கேபிளை இழுக்க உதவும்.

டிடிஎச் படம் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்தால் எச்டிஎம்ஐயைத் தொடாதீர்கள். புள்ளி மினுக்கினால் எச்டிஎம்ஐ, கட்டம் உடைந்தால் டிஷ் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடியிலிருந்து வரும் கறுப்பு ஒயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பியின் மேல் வலைக் கம்பியின் ஒரு இழை தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது பச்சை பூத்திருக்கும். ஒரு அங்குலம் வெட்டிப் புது கனெக்டர் போட்டால் சரியாகிவிடும். கழற்றும் முன் பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள், அந்த ஒயர் வழியாகத்தான் மாடி டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13, 18 வோல்ட் போகிறது.

டிவிடி பிளேயருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்டிஎம்ஐ இருந்தால் அது. இல்லையென்றால் பச்சை-நீலம்-சிவப்பு காம்பொனென்ட், அதுவும் டிவியில் இன்னும் இருந்தால். அதோடு ஒலிக்கு வெள்ளை-சிவப்பு என்று ஐந்து ஒயர் ஆகும், இரண்டு சிவப்பு வரும், அங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள். முகங்கள் வேற்றுக்கிரகவாசிபோல் தெரிந்தால் நீலமும் சிவப்பும் மாறியிருக்கிறது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பச்சைத் துளையை டிவி மஞ்சள் துளையாக நினைத்துக்கொண்டிருக்கிறது, இன்புட்டை மாற்றுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மஞ்சள் ஒயரேதான். கல்யாண சிடியைப் பார்க்க அது போதும். ரிசீவரில் ‘வீடியோ அப்ஸ்கேலிங்’ இருந்தால் அணைத்துவிடுங்கள், சின்னப் படத்தைப் பெரிதாக்கும் வேலையை இன்றைய டிவி அதைவிட நன்றாகச் செய்யும்.

கடைசியாக, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். செருகுவதும் பிடுங்குவதும் எல்லாக் கருவியின் ப்ளக்கையும் சுவரிலிருந்து எடுத்த பிறகுதான். ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டு பின் ப்ளக் உள்ள பாக்ஸ்களின் உடம்பில் கொஞ்சம் கசிவு மின்சாரம் நிற்கும், தொட்டால் விர்ரென்று இருக்குமே, அதுதான். எர்த் ஆன டிவியில் அதன் எச்டிஎம்ஐயைக் கரண்ட் ஓடும்போது செருகினால் அந்தக் கசிவு வழி தேடிக்கொள்ளும். ஒரு மழைநாளில் அவசரப்பட்டுச் செருகி, ஒரு சின்ன நீலப் பொறியோடு என் பழைய டிவியின் முதல் துளை செத்தது. போர்டு மாற்ற ஆன செலவில் நல்ல கேபிள் பத்து வாங்கியிருக்கலாம். எல்லாக் கருவியும் ஒரே மூன்று பின் போர்டிலிருந்து, எர்த் உள்ள சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் பல வீடுகளில் அதிலேயே அடங்கிவிடும். முதலில் ஒயர்களைச் செருகி, பிறகு ப்ளக், பிறகு டிவி, ரிசீவர், பிளேயர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். அந்த ஜாதகம் காட்டும் வேலை அப்போதுதான் தடங்கலில்லாமல் நடக்கும்.

பிடுங்கும் முன் டிவியின் பின்பக்கத்தையும் ரிசீவரின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அந்தப் படங்களில் ரிசீவரின் மாடல் எண் தெரிந்தால் இங்கே எழுதுங்கள், எந்தத் துளையில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.